காரீயத்தைத் தேடிப் போன டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன்

இரண்டாம் ஆண்டின் முதல் பருவத்தில் தொழில்சார் சுகாதாரம் என்றொரு பாடம் எடுத்தேன். விரும்பி எடுத்ததல்ல, நான் கேட்ட பாடத்தில் இடம் நிரம்பிவிட்டது. இடுபணிக்காக விரிவுரைஞர் சில பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, குலுக்கிப் போட்டு, ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார். என் கைக்கு வந்த சீட்டில் ஆலிஸ் ஹாமில்டன் என்றிருந்தது. அதுவரை அந்தப் பெயரை நான் கேட்டதேயில்லை. பக்கத்தில் இருந்த தோழிக்கு லூயி பாஸ்டர் கிடைத்தார். மாற்றிக்கொள்ளலாமா என்று கெஞ்சிப் பார்த்தேன். அவள் மசியவில்லை.

இடுபணி ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம். அனுப்பினேன், மதிப்பெண் வந்தது, முடிந்தது. ஆனால் ஆலிஸ் ஹாமில்டன் என்னை விடவில்லை. அதற்குக் காரணம் என் வீட்டில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, நம் மாணவர்களுக்குத் தமிழில் இவரைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தொடங்கும் முன்பே ஒரு சொல் சிக்கல். இவர் வாழ்நாள் முழுக்கத் துரத்திய உலோகம் ஈயம். ஆனால் மலேசியத் தமிழருக்கு ஈயம் என்றால் கிந்தா பள்ளத்தாக்கு, ஈயச் சுரங்கம், தண்ணீர் நிறைந்த பழைய குட்டைகள். தமிழ்ப்பள்ளியில் நாங்கள் படித்ததும் அந்த ஈயத்தைத்தான். அது வெள்ளீயம். பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான். நச்சு உலோகமோ காரீயம். மலாய்க்காரர்கள் வெள்ளீயத்தை தீமா என்றும் காரீயத்தை தீமா ஹீத்தாம், அதாவது கறுப்பு ஈயம், என்றும் சொல்கிறார்கள். நம் முன்னோர் வைத்த பெயரும் அதேதான். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்துக் குழப்பிக்கொள்வது நாம்தான். (ரசச் சொம்பு வாங்குகிறவர்கள் கவனிக்க: வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து விற்றாலும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.) இந்தக் கட்டுரை முழுவதும் காரீயம் என்றே எழுதுகிறேன்.

ஆலிஸ் 1869 பிப்ரவரி 27-இல் நியூயார்க்கில் பிறந்தார். வளர்ந்தது இந்தியானா மாநிலத்தில் ஃபோர்ட் வெய்ன் என்ற ஊரில். வசதியான குடும்பம். பெற்றோருக்குப் பள்ளிக்கூடங்களின் மேல் நம்பிக்கை இல்லாததால் பிள்ளைகள் வீட்டிலேயே படித்தார்கள். மொழி, இலக்கியம், வரலாறு எல்லாம் உண்டு, கணக்கும் அறிவியலும் மிகக் குறைவு. நான்கு சகோதரிகள், கடைசியாக ஒரு தம்பி. மூத்தவர் ஈடித் பின்னாளில் கிரேக்கப் புராணங்களை எழுதிப் புகழ் பெற்றார். நம் நூலகத்தில் அவருடைய புராண நூலைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள்.

அப்பாவின் மளிகை மொத்த வியாபாரம் நொடித்துப் போனது. பெண்களும் சம்பாதித்தாக வேண்டிய நிலை. அக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு ஆசிரியர் வேலை, தாதி வேலை, மருத்துவம் என்று மூன்றே வழிகள்தான். மருத்துவம் படித்தால் உலகில் எந்த மூலைக்கும் போகலாம், எங்கே போனாலும் பயன்படலாம் என்று ஆலிஸ் அதைத் தேர்ந்தெடுத்தார். அறிவியலே தெரியாத பெண், ஊரில் இருந்த சிறு மருத்துவக் கல்லூரியில் அடிப்படையைக் கற்றுக்கொண்டு, 1893-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டார். எஸ்டிபிஎம் தேர்வுக்குக் கலைப்பிரிவிலிருந்து அறிவியலுக்குத் தாவிய என் வகுப்புத் தோழர் ஒருவர் பட்ட பாட்டை நேரில் பார்த்தவள் என்பதால், இந்த ஒரு வரியை நான் சும்மா கடந்து போக மாட்டேன்.

நோயாளிகளைப் பார்ப்பதைவிட நுண்ணோக்கி அவருக்குப் பிடித்திருந்தது. 1895-இல் ஈடித்துடன் ஜெர்மனிக்குப் போனார். லைப்சிக், மியூனிக் பல்கலைக்கழகங்கள் பெண்களை அனுமதித்தன, கண்ணில் படாமல் இருந்தால். மியூனிக்கில் ஈடித்துக்கு மேடையிலேயே தனி நாற்காலி போட்டார்கள். ஆண் மாணவர் எவர் பக்கத்திலும் அவர் உட்கார்ந்துவிடக் கூடாதாம்.

1897-இல் சிகாகோவில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஒன்றில் நோயியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. அதைவிடப் பெரிய விஷயம், அந்நகரில் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தில் தங்க இடம் கிடைத்தது. ஜேன் ஆடம்ஸ் (பின்னர் 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்) தம் தோழியுடன் 1889-இல் தொடங்கியது ஹல் ஹவுஸ். படித்தவர்கள் ஏழைகளின் நடுவில் போய்க் குடியிருக்க வேண்டும், தூரத்திலிருந்து தர்மம் செய்யக் கூடாது என்பது அங்கே கொள்கை. சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், ரஷ்ய யூதர், போலந்துக்காரர் எனப் பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பங்கள். ஆலிஸ் அங்கே 22 ஆண்டுகள் வாழ்ந்தார். பகலில் ஆய்வுக்கூடம், மற்ற நேரங்களில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு இலவச மருத்துவம், குளிப்பாட்டுவது உட்பட.

இங்கேதான் தண்ணீர்க் கதை வருகிறது.

1902-இல் சிகாகோவில் டைஃபாய்டு காய்ச்சல் கடுமையாகப் பரவியது. அதிலும் ஹல் ஹவுஸ் இருந்த வட்டாரத்தில் சாவு மிக அதிகம். ஒரே நகரம், ஒரே ஏரித் தண்ணீர், அப்படியிருக்க இங்கே மட்டும் ஏன்? ஆலிஸ் தெருத்தெருவாக நடந்தார். சாக்கடையோடு இணைக்கப்படாத திறந்த கழிப்பிடங்களையும் அவற்றை மொய்த்த ஈக்களையும் கண்டார். ஈக்களைப் பிடித்து வளர்ப்பு ஊடகத்தில் இட்டுச் சோதித்தார். டைஃபாய்டு கிருமி கிடைத்தது. கட்டுரை 1903-இல் வெளிவந்தது. ஊரெல்லாம் பேச்சு. நகரச் சுகாதாரத் துறைமீது விசாரணை நடந்து, பலர் மாற்றப்பட்டார்கள். முப்பது வயது தாண்டிய ஒரு பெண் மருத்துவருக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேண்டுமா?

ஆனால் காரணம் ஈக்கள் அல்ல. அந்த வட்டாரத்து நீரேற்று நிலையத்தில் ஏற்பட்ட உடைப்பால் சாக்கடை நீர் குடிநீர்க் குழாய்க்குள் நாள்கணக்கில் கலந்திருக்கிறது. அது தெரிந்தும் அதிகாரிகள் வெளியே சொல்லாமல் மூடிவிட்டார்கள். பின்னர் இது தெரிய வந்தபோது ஆலிஸ் மிகவும் சங்கடப்பட்டார். 1943-இல் எழுதிய தன்வரலாற்றில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தாம் செய்த வேலைகளில் அதிகம் பாராட்டுப் பெற்ற ஒன்றே தவறான முடிவாக இருந்ததை நினைத்து அவரே நொந்து சிரித்துக்கொள்கிறார்.

பெரியவர்களின் வாழ்க்கை வரலாறு எழுதும்போது இப்படிப்பட்ட பகுதியை நாம் வழக்கமாக விட்டுவிடுவோம். எனக்கோ இதுதான் அவரை நம்ப வைத்த இடம். அதன்பிறகு அவர் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும், முதலில் கிடைத்த விடையோடு வீட்டுக்குத் திரும்பியதில்லை.

ஹல் ஹவுஸில் இருந்த காலத்தில்தான் காரீயம் அவர் கண்ணில் பட்டது. அக்கம்பக்கத்து ஆண்கள் நல்ல திடகாத்திரமாக வேலைக்குப் போய், சில மாதங்களில் வெளிறி, வயிற்றுவலியில் சுருண்டு, கை தூக்க முடியாமல் திரும்பினார்கள். காரீயம் உடலில் சேர்ந்தால் முதலில் மலச்சிக்கல், கடும் வயிற்று வலி, சோகை. பிறகு நரம்பு பாதிக்கப்பட்டு மணிக்கட்டு தொங்கிவிடும்; கையை நீட்டினால் உள்ளங்கை தானாகக் கீழே சாயும். ஈறு ஓரத்தில் நீலக்கோடு தெரியும். முற்றினால் வலிப்பு, மனப்பிறழ்வு, மரணம். ஐரோப்பிய நாடுகளில் இதற்கெல்லாம் சட்டமும் மருத்துவப் பரிசோதனையும் வந்துவிட்டிருந்தன. அமெரிக்காவில் ஒன்றும் இல்லை. நம் ஆலைகள் அவ்வளவு சுத்தமானவை, இங்கே அந்நோய் இல்லை என்று அங்கே பலர் உண்மையாகவே நம்பினார்கள். தேடாததால் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

1908-இல் இலினாய் மாநில ஆளுநர் தொழில்நோய்களை ஆராய ஒரு குழு அமைத்தார். 1910-இல் நடந்த கள ஆய்வுக்கு ஆலிஸ் தலைமை தாங்கினார். காரீயத்தை அவர் தம் பங்காக எடுத்துக்கொண்டார். காரீயம் எந்தெந்தத் தொழிலில் பயன்படுகிறது என்பதற்கே பட்டியல் கிடையாது. தொழிற்சாலைக்குள் நுழையச் சட்ட உரிமையும் கிடையாது. முதலாளி கதவைத் திறந்தால் உண்டு. மருத்துவமனைப் பதிவேடுகளில் பெயர் தப்பாக இருக்கும், வேலை என்ற இடத்தில் கூலி என்று மட்டும் எழுதியிருக்கும். எனவே அவர் மருந்துக் கடைக்காரரிடம் போனார், பாதிரியாரிடம் போனார், சவ அடக்கம் செய்பவரிடம் போனார், தொழிற்சங்கக்காரர்களிடமும் போனார். கடைசியாகத் தொழிலாளியின் வீட்டு அடுப்படிக்குப் போனார். தொழிற்சாலையில் மேலாளர் முன்னால் வாய் திறக்காதவன் வீட்டில் மனைவி பக்கத்தில் இருக்கும்போது பேசினான். ஒரு பெண்ணாக இருந்தது இதற்கு உதவியது என்று அவரே கருதினார்.

முடிவில் காரீயம் பயன்படும் 70-க்கும் மேற்பட்ட தொழில்முறைகளையும், 500-க்கும் மேற்பட்ட காரீய நச்சு நோயாளிகளையும் கணக்கில் கொண்டு வந்தார்கள். வெள்ளைப் பெயிண்ட் செய்பவர்கள், உருக்காலைக்காரர்கள் சரி. வெட்டுக் கண்ணாடிக்கு மெருகேற்றியவரும் சுருட்டுக்கு உறை சுற்றியவரும் பட்டியலில் இருந்தார்கள். அந்தச் சுருட்டு உறையை ஆங்கிலத்தில் வெள்ளீயத் தாள் என்று அழைத்தார்கள், உண்மையில் அது காரீயத் தாள். சொல் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை என்று இதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

குளியல்தொட்டி கதை ஒன்று உண்டு. கை செயலிழந்த ஒரு போலந்துக்காரர், தாம் குளியல்தொட்டிகளுக்கு எனாமல் பூசுபவர் என்றார். ஆலிஸ் ஆலைக்குப் போனார். இங்கே காரீயமே பயன்படுத்துவதில்லை என்று அடித்துச் சொன்னார்கள். காட்டிய அறையிலும் எதுவும் இல்லை. டைஃபாய்டு காலத்து ஆலிஸ் என்றால் ஒருவேளை அங்கேயே எழுதி முடித்திருப்பார். இவர் மீண்டும் அந்தத் தொழிலாளி வீட்டுக்குப் போனார். அவர் பார்த்தது தொட்டிகளுக்குக் கடைசியாக மெருகு சரிபார்க்கும் அறை மட்டுமே, உண்மையான வேலை வேறிடத்தில் நடக்கிறது என்று தெரிந்தது. அங்கே பழுக்கக் காய்ந்த தொட்டியின் மேல் எனாமல் தூளைத் தூவுவார்கள். தூள் மேகமாய் எழும். அந்தத் தூளைக் கொண்டு வரச் செய்து சோதித்தபோது, அதில் கரையக்கூடிய காரீயம் தாராளமாக இருந்தது.

முதலாளிகள் எல்லோரும் கொடியவர்கள் என்று ஆலிஸ் எழுதவில்லை. நேஷனல் லெட் என்ற பெரிய நிறுவனத்தின் துணைத்தலைவர் எட்வர்ட் கார்னிஷிடம், உங்கள் ஆலையில் மனிதர்கள் நஞ்சேறிச் சாகிறார்கள் என்று நேரடியாகச் சொன்னார். அவர் கோபப்பட்டார், நிரூபிக்கச் சொன்னார். ஆலிஸ் 22 நோயாளிகளின் விவரத்தோடு திரும்பி வந்தார். கார்னிஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தூசியை உறிஞ்சும் ஏற்பாடுகள் வந்தன, மருத்துவர் வாராவாரம் வந்தார். 1911-இல் இலினாய் மாநிலம் தொழில்நோய்ச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு முதல் ஆலிஸ் மத்திய அரசின் சிறப்பு ஆய்வாளரானார். மாதச் சம்பளம் கிடையாது. அறிக்கையை முடித்துக் கொடுத்தால் அதற்கு ஒரு தொகை. வெள்ளைக் காரீயம், மட்பாண்டம், அச்சுத் தொழில் என்று ஒவ்வொன்றாக எழுதினார்.

1914-இல் எழுதியது பேட்டரி செய்யும் தொழிலைப் பற்றி. இந்த அறிக்கைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

என் அப்பா பழைய கார் பேட்டரிகளைப் பிரித்துச் சரிசெய்யும் ஒரு சிறு பட்டறையில் வேலை செய்கிறார். நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படித்த காலத்திலிருந்தே அங்கேதான். மாலையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ச் சட்டைப் பையில் கைவிடுவேன், அதில் எனக்கு மிட்டாய் இருக்கும். சட்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு தூள் இருக்கும். அது என் கையிலும் ஒட்டும். அந்தக் கையோடுதான் மிட்டாய்.

ஆலிஸ் எந்த ஆலைக்குப் போனாலும் ஒரே விளக்கத்தைக் கேட்டார். தொழிலாளி கை கழுவாமல் சாப்பிடுகிறான், நகத்தை வெட்டுவதில்லை, அதனால்தான் நோய் என்று. அவர் அதை ஏற்கவில்லை. அழுக்குக் கை ஒரு சிறு பகுதி, பெருங்கேடு மூச்சில் போகும் தூசியும் புகையுமே என்று காட்டினார். கை கழுவுவது தொழிலாளியின் பொறுப்பு. தூசி எழாமல் செய்வது முதலாளியின் பொறுப்பு. எதைக் காரணம் என்கிறோமோ அதைப் பொறுத்துச் செலவு யார் தலையில் என்பதும் மாறும். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டேன், பட்டறையில் என்ன பாதுகாப்பு என்று. தவுக்கே நல்லவர், சாப்பிடும் முன் கை கழுவச் சவர்க்காரம் வாங்கி வைத்திருக்கிறார் என்றார் அப்பா. நான் பேச்சற்றுப் போனேன். 1910-க்கும் இன்றைக்கும் நடுவே எத்தனை ஆண்டுகள்! நம் நாட்டிலேயே 1984-இல் காரீயத்துக்கென்று தனி விதிமுறைகள் எழுதப்பட்டன. சட்டம் எழுதிய தாள் எங்கள் ஊர்ப் பட்டறை வரை நடந்து வரவில்லை.

சரி, ஆலிஸின் கதைக்கு வருவோம். 1919-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. தொழில் மருத்துவத்தில் அவருக்கு நிகரான ஆள் அமெரிக்காவில் இல்லை என்பதால் வேறு வழியில்லை. அங்கே அவர்தான் முதல் பெண் ஆசிரியர். மூன்று நிபந்தனைகள் போட்டார்கள்: ஆசிரியர் மன்றத்துக்குள் நுழையக் கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக் கூடாது, கால்பந்து நுழைவுச்சீட்டு கேட்கக் கூடாது. மூன்றாவதைப் படித்து வகுப்பே சிரித்தது. 1935-இல் ஓய்வு பெறும்வரை அவரை உதவிப் பேராசிரியராகவே வைத்திருந்தார்கள். ஒரு படி கூட உயர்த்தவில்லை. ஹார்வர்ட் மருத்துவப் பள்ளி மாணவிகளைச் சேர்த்தது 1945-இல்தான்.

பெட்ரோலில் காரீயச் சேர்மத்தைக் கலந்தால் இயந்திரம் தட்டாமல் ஓடும் என்று 1920-களில் கண்டுபிடித்தார்கள். 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஓர் ஆலையில் தொழிலாளர்கள் பித்துப் பிடித்தவர்கள்போல் ஆகி, ஐந்து பேர் இறந்தார்கள். 1925 மே மாதம் வாஷிங்டனில் கூட்டம் கூடியது. காரீயம் கலந்த பெட்ரோல் தெருவுக்கு வந்தால் வாகனப் புகையோடு காரீயத் தூசி எல்லோர் மேலும் படியும், மெல்ல மெல்லச் சேரும் நஞ்சு அது, ஆலையைக் கட்டுப்படுத்தலாம், நாட்டையே கட்டுப்படுத்த முடியாது என்று ஆலிஸ் வாதாடினார். அடுத்த ஆண்டு அரசுக் குழு தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்றது. உலகமெங்கும் அந்தப் பெட்ரோல் ஓடியது. அமெரிக்கச் சாலைகளில் அது முற்றாகத் தடை செய்யப்பட்டது 1996-இல். கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல். ஆலிஸ் சொன்னதை உலகம் முழுமையாகக் கேட்க 96 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஓய்வுக்குப் பின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹேட்லைம் என்ற சிற்றூரில், ஆற்றோரம், சகோதரி மார்கரெட்டோடு வாழ்ந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் வியட்நாம் போரை எதிர்த்துக் கையெழுத்திட்டார். 1970 செப்டம்பர் 22-இல் 101 வயதில் இறந்தார். மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 29-இல், அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கையெழுத்தானது.

என் இடுபணி இங்கே முடிந்தது. ஆனால் அதை எழுதி முடித்த பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. தொழிற்சாலைகளில் காரீயத்தை அப்படித் தேடியவர் வாழ்ந்த சிகாகோவில், வீடுகளுக்குத் தண்ணீர் எந்தக் குழாயில் வந்தது? தேடிப் பார்த்தேன். காரீயக் குழாயில். தெருவின் பெருங்குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாய் காரீயத்தால் ஆனதாகவே இருக்க வேண்டும் என்று சிகாகோ நகர விதியே சொல்லியது, 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தடை செய்யும்வரை! வளைக்க எளிது, வெடிக்காது, பல காலம் உழைக்கும். 1928-இல் காரீய உற்பத்தியாளர்கள் சங்கம் அமைத்து, நகர விதிகளில் காரீயக் குழாயை வைத்திருக்கும்படி ஊர் ஊராகப் பரப்புரை செய்தார்கள். சிகாகோவில் மட்டும் சுமார் 4 லட்சம் காரீய இணைப்புகள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. அமெரிக்க நகரங்களில் அதுவே மிக அதிகம். நாட்டின் பெரும்பாலான காரீய இணைப்புகளைப் பத்தாண்டுகளில் மாற்ற வேண்டும் என்ற மத்திய விதி 2024 அக்டோபரில்தான் வெளிவந்தது.

குழாயில் காரீயம் இருந்தால் மட்டும் ஆபத்து வந்துவிடாது. தண்ணீர் அதை அரிக்க வேண்டும். மென்னீரும் அமிலத்தன்மையுள்ள நீரும் அதிகம் அரிக்கும். இரவு முழுக்கக் குழாயில் தேங்கிய நீரில் அதிகம் கரைந்திருக்கும். சுடுநீரில் இன்னும் அதிகம். இதைத் தடுக்க நீர்நிலையத்தில் பாஸ்பேட் சேர்ப்பார்கள். அது குழாயின் உட்புறத்தில் படலமாகப் படிந்து காக்கும். ஆலிஸ் படித்த அதே மிச்சிகன் மாநிலத்தில், ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க ஆற்று நீருக்கு மாறியபோது இந்தத் தடுப்பைச் சேர்க்கவில்லை. தண்ணீர் குழாயை அரித்தது. தாய்மார்கள் புட்டியில் பழுப்பு நீரோடு வந்து நின்றபோது அதிகாரிகள் ஒன்றுமில்லை என்றார்கள். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா 2015 செப்டம்பரில் குழந்தைகளின் இரத்தக் கணக்கைக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். அதே 2015-இல் ஹாங்காங்கில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளிலும் குடிநீரில் காரீயம் வந்தது. அங்கே குழாய் செம்புதான்; அவற்றை ஒட்டிய பற்றாசில் காரீயம் இருந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்துள்ள அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவே தெரியவில்லை என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. விழுங்கும் காரீயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிவிடும். உடல் அதைச் சுண்ணாம்புச்சத்து என்று ஏமாந்து எலும்பில் சேமிக்கும். பெண் கருவுறும்போது எலும்பிலிருந்து அது வெளிவந்து கருவையும் அடையும்.

எங்கள் வீட்டில் அம்மா தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டார். நம் வீடுகள் பலவற்றில் அப்படித்தான். 1902-இன் சிகாகோவில் கொதிக்க வைத்த வீடு பிழைத்திருக்கும். டைஃபாய்டு கிருமி செத்துவிடும். காரீயம் சாகாது. நீர் ஆவியாகக் குறையும், காரீயம் அப்படியே இருக்கும், அடர்த்தி கூடும். இதை அம்மாவிடம் சொன்னபோது என்னை ஒரு மாதிரி பார்த்தார். காலையில் முதலில் வரும் நீரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, குளிர்ந்த நீர்க் குழாயிலிருந்து மட்டும் சமையலுக்குப் பிடிப்பது நல்லது என்று சொன்னதை ஏற்றுக்கொண்டார். ஓடவிட்ட நீரை வாளியில் பிடித்துப் பூச்செடிக்கு ஊற்றுகிறார், பில் கட்டுவது அவர்தானே.

அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. பேச்சை எடுத்தாலே, இந்தச் சம்பளத்தில்தானே படிக்கிறாய் என்ற பார்வை. நியாயமான பார்வைதான். ஆலிஸிடமும் பல தொழிலாளர்கள் தங்கள் பெயரைச் சொல்ல அஞ்சினார்கள், வேலை போய்விடும் என்று. ஆய்வுக்குப் பிறகு அந்த ஆலைகளைத் திருத்த அவரால் முடிந்தது. என்னிடம் இருப்பது பன்னிரண்டு பக்க இடுபணி மட்டும்.

தீபாவளி விடுமுறையில் மீண்டும் கேட்டேன். இம்முறை ஆபத்து என்று ஆரம்பிக்காமல், குளியல்தொட்டிக்கு எனாமல் பூசிய அந்தப் போலந்துக்காரரின் கதையைச் சொன்னேன். அப்பா முழுவதும் கேட்டார். தூளை எப்படிக் கொண்டு வந்தார்கள் என்று மட்டும் கேட்டார். மறுவாரம் அவரே கிளினிக்குக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். அளவு மருத்துவர் விரும்பியதைவிடக் கூடுதலாக இருந்தது, ஆறு மாதத்தில் மீண்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இப்போது அப்பா பட்டறையில் ஒரு மாற்றுச் சட்டை வைத்திருக்கிறார், வடிகட்டியுள்ள முகமூடியும் வாங்கியிருக்கிறார், சொந்தக் காசில். தவுக்கேயிடம் காற்றுறிஞ்சி பற்றிப் பேச வேண்டும் என்கிறார், இன்னும் பேசவில்லை.

இருபது ஆண்டுகளாக அந்தச் சட்டைகளைக் கையால் துவைத்தது அம்மா. அவருக்கும் இரத்தம் பார்க்க வேண்டும் என்று அன்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த மாதம் அழைத்துப் போகிறேன்.